பில், பிரிட்ஜ், கத்தரிக்கோல்: சின்ன மருந்துக் கடையில் எதைக் கவனிப்பது?

கேள்வி இது: "டி.பார்ம் முடித்திருக்கிறேன். சேலம் கோரிமேட்டில் மாமனார் கட்டடத்தில் 12-க்கு 10 அடி அறையில் மெடிக்கல் ஷாப் தொடங்குகிறேன். சில்லறை விற்பனைக்கான ஃபாரம் 20, ஃபாரம் 21 இரண்டு லைசென்ஸும் வந்துவிட்டன. ஏற்காடு பஸ் போகிற வழி என்பதால் மலையிலிருந்து இறங்குகிறவர்களும் இங்கே வாங்குவார்கள். லைசென்ஸுக்குக் கேட்டதையெல்லாம் செய்துவிட்டேன். மருந்தின் தரமும் வாங்குகிறவரின் பாதுகாப்பும் கெடாமல் இருக்க, இவ்வளவு சின்னக் கடையில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்? வெயில் காலத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது."

வெயிலை முதலில் நினைத்தீர்களே, அதற்காகவே விரிவாக எழுதத் தோன்றுகிறது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்தக் கம்பெனியில் மார்ஜின் அதிகம் என்பதைத்தான். உங்கள் அறை கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர் வரும். சில்லறைக் கடைக்குச் சட்டம் கேட்பது 10. இடம் போதும். சின்ன அறையில் ஒரு வசதியும் இருக்கிறது: எந்த மூலையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தப்பாது, ஒரே ஏ.சி.யில் அறை முழுதும் குளிர்ந்துவிடும்.

எதைக் கவனிப்பது என்று யார் கேட்டாலும் நான் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 19-வது பிரிவு, 3-வது உட்பிரிவைப் படிக்கச் சொல்வேன். நீங்கள் விற்ற மருந்து தரமற்றது என்று அரசு ஆய்வகம் சொல்லிவிட்டால், அதைத் தயாரிக்காத கடைக்காரர் எந்த நிலையில் குற்றவாளி ஆகமாட்டார் என்பதைச் சொல்லும் இடம் அது. லைசென்ஸ் உள்ளவரிடம்தான் வாங்கினேன். குறை இருப்பது எனக்குத் தெரியாது, உரிய கவனத்தோடு பார்த்தும் தெரிந்திருக்க வழியில்லை. என் கையில் இருந்தவரை முறையாகப் பாதுகாத்தேன், வந்தது வந்தபடியே இருந்தது. இத்தனையையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் எடுபடாது, கையில் காகிதம் இருக்க வேண்டும். வழக்குக்காக எழுதிய வரிகள்தான். ஆனாலும் ஒரு கடை இந்த வரிகளின்படி நடந்தால், அங்கே வாங்கும் மாத்திரை நோயாளியின் உடம்பில் வேலை செய்யும். கம்பெனி வாசலைத் தாண்டிய பிறகு ஒரு மருந்துக்கு நேரக்கூடிய கெடுதல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று நான்கு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் வாங்குவது. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மொத்த விற்பனைக்கான ஃபாரம் 20பி, 21பி லைசென்ஸ் உள்ள ஸ்டாக்கிஸ்டிடம் மட்டும் வாங்குங்கள். அவர்களுடைய லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். சேலத்தில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை, போன் போட்டால் மதியத்துக்குள் வந்துவிடும். அதனால் பில் இல்லாமல் பையில் கொண்டுவந்து "அக்கா, முப்பது பர்சென்ட் கம்மிங்க்கா" என்று நீட்டுகிறவரிடம் வாங்க உங்களுக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. மருந்துக் கம்பெனி ரெப் கொடுக்கும் சாம்பிளையும், அரசு ஆஸ்பத்திரி முத்திரை போட்ட மாத்திரையையும் ரேக்கில் ஏற்றாதீர்கள். இரண்டுமே விற்பனைக்கு உரியவை இல்லை. சரக்கு வந்ததும் பில்லில் உள்ள பேட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே ரேக்குக்குப் போக வேண்டும். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் கோடு கட்டாயம். விலை கூடிய மருந்துகளையாவது செல்போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

இனி நீங்கள் பயப்படுகிற வெயில். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி சாதாரணம். பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றிருக்கும், சிலவற்றில் 25. பகலில் நீங்கள் உள்ளே இருக்கும்போது ஏ.சி. ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகு அறைக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தளம் போட்ட கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியிலும் உள்ளே இறக்கும். கடை திறப்பதற்கு முன்பே, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை மேல் ரேக்கில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். மேற்குச் சுவர் வெயில் வாங்குகிறதென்றால் அந்தப் பக்கம் சோப்பு, டயப்பர், பவுடர் வகைகளை வையுங்கள். க்ரீம், கேப்ஸ்யூல், ஆசனவாய் வழி வைக்கும் மருந்து இதெல்லாம் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். முன்பக்கக் கண்ணாடியில் வெயில் படுகிற இடத்தில் அழகுக்காக மருந்து அடுக்கவே வேண்டாம்.

பிரிட்ஜைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஃபாரம் 21 வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இன்சுலின், டெட்டனஸ் ஊசி, நாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் வைக்கப் போகிறீர்கள். இவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வீட்டு பிரிட்ஜ் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதன் உள்ளே எல்லா இடமும் ஒரே குளிர் இல்லை. ஃப்ரீசருக்கு நேர் கீழேயும், பின்சுவரை ஒட்டியும் பனி கட்டும் அளவுக்குக் குளிரும். கதவுத் தட்டில் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, பெட்டியோடு வையுங்கள். இன்சுலினுக்கு வெயிலைவிட உறைவது மோசம். ஒருமுறை உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க நல்லதுபோலவே இருக்கக்கூடும், ஆனால் வேலை செய்யாது. போட்டுக்கொள்கிற பெரியவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார், பழுது உங்கள் பிரிட்ஜில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகளும் உறைந்தால் வீண்.

அதைவிடப் பரவலான தவறு ஒன்று உண்டு. ராத்திரி கடையைச் சாத்தும்போது, தீ விபத்துக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது பல கடைகளில் பழக்கம். பிரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும். காலையில் வந்து போட்டால் பத்து மணிக்குள் மறுபடி குளிர்ந்துவிடும், தொட்டுப் பார்த்தால் ஜில்லென்றுதான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்தாலும் பிரிட்ஜுக்கு மட்டும் கரண்ட் வரும்படி தனி லைன் இழுத்துவிடுங்கள். கடை திறப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது. காலை ஷட்டரைத் தூக்கியதும் பிரிட்ஜ் தெர்மாமீட்டரில் ராத்திரியின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, ரீசெட் செய்யுங்கள். மாலையிலும் ஒருமுறை. நிரூபிக்கச் சொல்கிறது சட்டம் என்றேனே, சேமிப்புக்கு இந்த நோட்டைத்தான் நீங்கள் காட்ட முடியும். கரண்ட் போகும் நாளுக்காக பிரிட்ஜின் கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள், குளிர் நெடுநேரம் தங்கும். சாப்பாட்டு டப்பா, பால் பாக்கெட், மல்லிகைப்பூ எதுவும் அந்த பிரிட்ஜுக்குள் போகக் கூடாது. வீட்டில் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஸ்டாக்கிஸ்ட் பையன் மத்தியானம் இரண்டு மணிக்கு இன்சுலினை கேரிபேக்கில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஐஸ் பெட்டியில் வர வேண்டும், பெட்டியைத் திறக்கும்போது ஜெல் பேக் குளிர்ந்திருக்க வேண்டும். அதே சமயம் இன்சுலின் அந்த உறைந்த பேக்கைத் தொட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு தடவை திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை ஒழுங்காக வரும்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது தனி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே வெயில் பிரச்சினை குறைவு. ஆனால் கோரிமேட்டில் வாங்கிய இன்சுலின் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும், 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் நேரத்திலும் யார் மடியில், எந்தப் பையில் இருக்கிறது என்பது முக்கியம். சின்ன ஃபிளாஸ்க் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி நீங்களே வைத்துக் கொடுங்கள். காபித் தோட்டத்து லைன் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து விற்காதீர்கள், ஒன்று மட்டும் கொடுங்கள். திறந்து போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும். எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும், அதைப் படித்துத் திறந்த தேதியைப் பெட்டி மேல் எழுதச் சொல்லுங்கள். மேலே குளிர்தானே என்று அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிடுவார்கள். அது கூடாது என்று சொல்லியே அனுப்ப வேண்டும்.

மலையில் மருந்தைக் கெடுப்பது ஈரம். மழைக்காலத்திலும் பனிமூட்டத்திலும் கேப்ஸ்யூல் இளகி ஒட்டிக்கொள்ளும், நீரில் கரைக்கும் மாத்திரை பொருமிவிடும், ஓ.ஆர்.எஸ். பவுடர் கட்டியாகும். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் வயதானவர்களிடம் நிறைய. விழுங்கும்போது பிரித்தால் போதும் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் டிரை சிரப்பிலும் (தண்ணீர் ஊற்றிக் கரைக்கும் பொடி) கவனம் வேண்டும். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைக் கரைத்த பிறகு பிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அதைக் கொடுத்தால் நாலாவது நாள் என்ன குடிக்கிறது அந்தக் குழந்தை? எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து, கரையும் மாத்திரையாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். டாக்டர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்களாக மாற்றிக் கொடுக்க மட்டும் கூடாது. டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய ஷெட்யூல் எச் மருந்தில், சீட்டில் உள்ளதற்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தருவதை விதி அனுமதிப்பதில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் கடை என்பதால் இன்னொன்றும் வரும். "மலை ஏறும்போது வாந்தி வராம ஒரு மாத்திரை குடுங்க." விடுமுறை நாட்களில் வரிசையாகக் கேட்பார்கள். அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை. "வண்டி ஓட்டுறது யாருங்க?" என்று கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா என்பார்கள். ப்ரோமெதசினை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

இப்போது கத்தரிக்கோல். வந்தது வந்தபடியே இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது இங்கேதான் அடிபடுகிறது. நம் ஊரில் முழு அட்டை வாங்குகிறவர் பாதிப்பேர் இருந்தால் அதிகம். தறிக்காரர், வெள்ளிப்பட்டறைக்காரர், கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் அன்றன்றைக்குத்தான் காசு. "ரெண்டு மட்டும் குடுங்கக்கா" என்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். வெட்டும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் அச்சான முனை எது என்று பார்த்து, அதற்கு எதிர் முனையிலிருந்து வெட்டுங்கள். கடைசி மாத்திரை விற்கும்வரை அந்த எண் உங்களிடம் இருக்கும். வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர்கூட இருக்காது, அதனால் கவரில் போட்டு மருந்தின் பெயர், அளவு, பேட்ச், எக்ஸ்பைரி, எத்தனை வேளை என்பதை எழுதிக் கொடுங்கள். அரை நிமிடம் ஆகும். அந்தக் கவர் இல்லாவிட்டால், வீட்டில் யாராவது தவறி விழுங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது என்ன மாத்திரை என்று டாக்டருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. ஒரே மருந்தின் வேறு வேறு பேட்ச் துண்டுகளை ஒரு டப்பாவில் கலந்து போட்டு வைப்பதும் வேண்டாம்.

இதன் மோசமான வடிவம் 'செட்' மாத்திரை. உடம்பு வலி, காய்ச்சல், சளி என்று சொன்னதும் நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, பேப்பரில் மடித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கொடுப்பது. வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. டைக்ளோஃபெனாக் இருக்கும், சளி மாத்திரை இருக்கும், பல நேரம் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ ஒன்று இருக்கும். சட்டென்று வலி போய் எழுந்து வேலைக்குப் போவதற்குக் காரணம் அந்த ஸ்டீராய்டுதான். வாரத்துக்கு இரண்டு முறை என்று வருடக்கணக்கில் விழுங்குகிறவருக்குச் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், குடலில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும், அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. தறியில் எட்டு மணி நேரம் நின்று வருகிறவரின் வலி உண்மையான வலி, அவரை விரட்டுவது மனசுக்குக் கஷ்டம். இருந்தாலும் முதல் நாளே "செட் குடுக்கறதில்லைங்க" என்று சொல்லிவிடுங்கள். பாராசிட்டமால் கொடுக்கலாம். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகச் சொல்லலாம். ஏற்கெனவே செட்டுக்குப் பழகியவர் என்றால், நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கொஞ்சம் வியாபாரம் குறையும், பக்கத்துக் கடைக்குப் போவார்கள். என் அனுபவத்தில், குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் வரும்போது அவர்களே உங்களிடம் வருவார்கள்.

படர்தாமரைக்குக் கேட்கும் களிம்பும் இதே வகை. வேர்வையில் வேலை செய்கிறவர்களுக்குச் சேலத்து வெயிலில் அரையிலும் இடுப்பிலும் வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே போகும், தோல் மெலிந்துவிடும். 2018-லேயே தோலில் பூசும் ஸ்டீராய்டு பலவற்றை ஷெட்யூல் எச்-இல் சேர்த்துவிட்டார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. முகம் வெளுக்கக் கேட்டு வரும் பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள். ஊசி போட்டுவிடச் சொல்லி வருகிறவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: அது மருந்துக் கடையின் வேலை இல்லை.

விற்றதைத் தனியாகப் பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச்1 பற்றிப் படித்திருப்பீர்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கியபோது 46 மருந்துகள், செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்ப்ரசோலம், டிரமடால், கோடீன் இவையெல்லாம் அதில். எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு இவற்றைத் தனி ரிஜிஸ்டரில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதாதீர்கள், விற்கும்போதே எழுதுங்கள். காசநோய் மருந்து வாங்குகிறவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பதும் 2018 முதல் மருந்துக் கடைகளின் கடமை. வலி மாத்திரை டாபென்டடாலைப் போதைக்கு வாங்கிக் கரைத்து ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாடு முழுக்க வழக்குகள் வருகின்றன. சீட்டில் சந்தேகம் என்றால் அதிலுள்ள டாக்டருக்குப் போன் போடுங்கள். புதிய கடை, பெண் தனியாக இருக்கிறார் என்று சோதித்துப் பார்ப்பார்கள். அந்த மருந்தை ஸ்டாக்கே வைக்காமல், தெரிந்த நோயாளிக்கு மட்டும் வரவழைத்துத் தருவது உங்களுக்குப் பாதுகாப்பு.

மருந்து மாறிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. கையெழுத்து புரியாததால் வரும் தவறைவிட, பெயரின் வால் கவனிக்கப்படாமல் வரும் தவறு அதிகம். டெல்மா, டெல்மா ஏஎம், டெல்மா எச் மூன்றும் மூன்று மருந்து. கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின் மட்டும், கிளைகோமெட் ஜிபி என்றால் கிளிமிபிரைடும் சேர்ந்தது, தேவைப்படாதவருக்கு அது சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். இவற்றை அடுத்தடுத்து அடுக்காமல் வேறு வேறு தட்டில் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தனியாகவே சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை நின்றுபோய் உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமை சாப்பிடறீங்க?" என்று கேட்டு, அவர் சொல்லும் கிழமையைக் கவரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

சீட்டுப் பார்த்து மருந்து எடுப்பது நீங்களாகவே இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு இதற்குத்தான். நீங்கள் சமைக்கவோ பிள்ளையை ஸ்கூலிலிருந்து அழைத்துவரவோ போகும் நேரத்தில் மாமனார் கல்லாவில் உட்காரலாம், சோப்பும் நாப்கினும் விற்கலாம். மருந்து கேட்டு வருகிறவரை அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லட்டும். பெயர்ப் பலகைக்குக் கீழே நீங்கள் இருக்கும் நேரத்தை எழுதி வைத்துவிட்டால் அவருக்கும் சங்கடம் இருக்காது. இதைக் குடும்பத்தோடு முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சர்ட்டிபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் இல்லாத கடைகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அங்கே நடக்கும் தவறுகளுக்கு அளவே இல்லை.

எக்ஸ்பைரி பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மாதம் முதல் தேதி ரேக்கைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் முடிகிறவற்றை எடுத்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். முடிந்துபோனவை தனி அட்டைப்பெட்டியில், மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, விற்கிற சரக்கோடு சேராமல் இருக்க வேண்டும். ஆட்டு, மாட்டு மருந்து வைப்பீர்களானால் அதற்கும் தனி அலமாரி.

பேட்ச் நம்பரை இவ்வளவு தடவை சொன்னதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எஸ்ஆர்-13 என்ற பேட்சைத் தமிழ்நாடு ஆய்வகம் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்படி ஒரு அறிவிப்பு வருகிற அன்று கடைக்காரர் செய்ய முடிவது, அந்த பேட்ச் நம் கடைக்கு வந்ததா, எத்தனை விற்றது, எந்த வீட்டுக்குப் போனது என்று அதே மணி நேரத்தில் கண்டுபிடித்துப் போன் செய்து நிறுத்துவதுதான். பில் போடும் சாஃப்ட்வேரில் ஒரே மருந்துக்கு மூன்று பேட்ச் காட்டும்போது, அவசரத்தில் முதலில் நிற்பதை அமுக்கிவிடுவது வழக்கம். கையில் எடுத்த பாட்டில் வேறு பேட்சாக இருக்கும். அப்படிப் போட்ட பில்லால் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை மருந்துக்காவது, பாட்டிலில் உள்ள எண்ணைப் பார்த்தே பில் போடுங்கள், வாங்குகிறவரின் போன் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு க்ளோர்பெனிரமின்-ஃபீனைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்து கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்தது. இன்னமும் பழக்கத்தில் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஒரு மருந்து எடுத்த பிறகு உடம்பில் தடிப்பு, மயக்கம், வீக்கம் என்று யாராவது திரும்பி வந்தால் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

டிரக் இன்ஸ்பெக்டர் வருகையைப் பற்றிப் பலர் பயமுறுத்தியிருப்பார்கள். ஃபாரம் 35 ஆய்வு நோட்டு, எச்1 ரிஜிஸ்டர், கொள்முதல் பில் ஃபைல், டெம்பரேச்சர் நோட்டு நான்கும் கல்லாவுக்குக் கீழே ஒரே இடத்தில் இருக்கட்டும். அவர் சாம்பிள் எடுத்தால் அதற்கான அறிவிப்பாக ஃபாரம் 17 தருவார், எடுத்ததை நான்கு பங்காக்கி முத்திரையிட்டு ஒரு பங்கை உங்களிடமே கொடுப்பார். அந்தப் பங்கை முத்திரை உடையாமல், அந்த மருந்துக்குரிய குளிரில், பொட்டலத்தின் மேல் தேதி எழுதி வையுங்கள். அதன் பேட்சுக்குரிய கொள்முதல் பில்லையும் ஃபைலிலிருந்து அன்றைக்கே எடுத்து நகல் போட்டு ஃபாரம் 17-உடன் பின் அடித்துவிடுங்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேட்டுக் கடிதம் வந்தால் அதே 1940 சட்டத்தின் 18ஏ பிரிவின்படி நீங்கள் சொல்லியாக வேண்டும், பதிலும் உங்கள் கையிலேயே இருக்கும்.